மழையில் நனைந்த தானியமும் பச்சைக் கோடும்



கைப்பேசித் திரையின் உச்சியிலிருந்து அடிவரை நூல் பிடித்தாற்போல் ஒரு பச்சைக் கோடு. கைப்பேசி கீழே விழவில்லை, தண்ணீரும் படவில்லை. இரவு நன்றாக இருந்தது, காலையில் கோட்டோடு விழித்தது. கடந்த சில ஆண்டுகளில் நம் நாட்டில் ஏராளமானோர் கண்டுவிட்ட காட்சி இது. இதைச் சிறிய செய்தி என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே ஒரு குறை வெளிப்படும்போது யார் எதைச் சுமக்க வேண்டும் என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. தொழுகையையும் நோன்பையும் பேசுகின்ற நம் மார்க்கம், கொடுக்கல் வாங்கலையும் அதே கண்டிப்போடு பேசுகிறது.

பரங்கிப்பேட்டையில் வசிக்கும் என் லாத்தா கணவரை இழந்தவர். பர்தாவும் சிறுமியருக்கான உடைகளும் தைத்துக் குடும்பத்தை நடத்துகிறார். அளவுகளும், துணியின் படங்களும், வெளியூர் வாடிக்கையாளர் அனுப்பும் மாதிரிகளும் கைப்பேசியில்தான் வருகின்றன. சிறுகச் சேர்த்த 28,000 ரூபாயில் சிதம்பரத்துக் கடையொன்றில் அதை வாங்கினார். ஓராண்டு உத்தரவாதம். பதின்மூன்றாம் மாதத்தில் முதல் கோடு விழுந்தது. இரண்டே வாரங்களில் அது நான்காகி, திரையின் வலப்பக்கம் வெளுத்துப்போனது. பெருநாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. தையற்காரருக்கு அந்த ஒரு மாதம்தான் ஆண்டின் அறுவடைக் காலம்.

நானும் லாத்தாவும் கடலூரில் இருந்த சேவை மையத்திற்குச் சென்றோம். அங்கிருந்த இளைஞர் திரையைப் பார்த்ததும், "ஈரம் போயிருக்கும், இல்லாவிட்டால் கீழே விழுந்திருக்கும்" என்றார். திரை மாற்ற 11,500 ரூபாய் என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும் சம்பளக்காரர். ஆனால், "நீங்கள் சொல்வதை எழுதித் தாருங்கள்" என்று கேட்டேன். எழுத வேண்டும் என்றதும் அவர் கைப்பேசியை முறையாகச் சோதித்தார். ஈரம் பட்டால் சிவப்பாக மாறும் சிறு ஒட்டுத்தாள் உள்ளே வெள்ளையாகவே இருந்தது. ஓரங்களில் அடிபட்ட தடமும் இல்லை. கடைசியில் வேலைச் சீட்டில் அவர் எழுதியது இதுதான்: வெளிச்சேதம் இல்லை, உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது.

அந்த ஒற்றைச் சீட்டே பின்னர் எங்களுக்குத் துணை நின்றது. அதன் படத்தை இணைத்து நிறுவனத்திற்கு மின்னஞ்சல் அனுப்பினோம். இயந்திரம் எழுதிய பதிலே திரும்பி வந்தது. பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகாரைப் பதிவு செய்தோம். மூன்று வாரம் கழித்து நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். திரையின் விலையைத் தாங்களே ஏற்பதாகவும், வேலைக் கூலி மட்டும் நாங்கள் தர வேண்டும் என்றும் சொன்னார்கள். ஒரு நிபந்தனையும் இருந்தது. இது நல்லெண்ணத்தின் பேரில் ஒருமுறை மட்டும் வழங்கப்படும் சலுகை என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

லாத்தா அந்த வாசகத்தை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "தம்பி, இது அவங்க எனக்குச் செய்யிற ஸதகாவா, இல்லே எனக்குச் சேர வேண்டிய ஹக்கா?" என்றார். பெருநாள் துணிகள் காத்திருந்ததால் ஒப்பமிட்டார். அவருடைய கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

இக்கேள்விக்கு விடை தேட, கோடு எப்படி விழுகிறது என்று முதலில் அறிய வேண்டும். இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் இருப்பது ஓஎல்இடி வகைத் திரை. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். புள்ளிகளுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் மின்பாதைகள், திரையின் விளிம்பில் மெல்லிய வளையும் பட்டையோடு ஒட்டப்பட்டிருக்கும். வெப்பத்தாலும் ஈரக்காற்றாலும் அந்த இணைப்பு பழுதடைந்தால், அதைச் சார்ந்த ஒரு நெடுவரிசை முழுவதும் கட்டுப்பாட்டை இழந்து ஒளிர்ந்துகொண்டே இருக்கும். மென்பொருள் புதுப்பித்த பிறகே கோடு வந்ததாகப் பலர் கூறினர். புதுப்பிக்கும்போது கைப்பேசி சூடேறும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கடலோரத்தில் வாழும் நமக்கு வெப்பமும் ஈரக்காற்றும் புதியவை அல்ல. அவை அன்றாட வானிலை.

நிறுவனங்கள் இக்குறையை எதிர்கொண்ட விதம் ஒன்றுபோல் இல்லை. ஒன்பிளஸ் நிறுவனம் 2023ஆம் ஆண்டில், பாதிக்கப்பட்ட 8 புரோ, 8டி, 9, 9ஆர் ஆகிய கைப்பேசிகளின் திரைக்கு இந்தியாவில் வாழ்நாள் உத்தரவாதம் அறிவித்தது. 2024 இறுதியில் பச்சைக் கோட்டுக்கான அந்த உத்தரவாதத்தை இந்தியாவில் தன் எல்லாக் கைப்பேசிகளுக்கும் விரிவாக்கியது. அதோடு, திரையின் விளிம்பை ஈரம் புகாமல் காக்கும் புதிய ஒட்டுப்படலத்தைப் பயன்படுத்துவதாகவும், 85 பாகை வெப்பத்திலும் 85 விழுக்காடு ஈரப்பதத்திலும் திரைகளைச் சோதிப்பதாகவும் கூறியது. சாம்சங் நிறுவனம் 2024 ஏப்ரலில், எஸ்20, எஸ்21 வரிசைகள், எஸ்22 அல்ட்ரா உள்ளிட்ட சில கைப்பேசிகளுக்கு ஒருமுறை இலவசமாகத் திரை மாற்றித்தர முன்வந்தது. வாங்கி மூன்றாண்டுக்குள் இருக்க வேண்டும், அடியோ ஈரமோ பட்டிருக்கக் கூடாது, அம்மாத இறுதிக்குள் வர வேண்டும் என்பவை நிபந்தனைகள். செய்தி காதில் எட்டாதவரின் நிலை என்ன என்பதற்கு அதில் விடையில்லை.

ஆப்பிள் நிறுவனத்தின் வரலாற்றில் இருவகைப் போக்கையும் காணலாம். 2016 நவம்பரில் ஐபோன் 6 பிளஸ் கைப்பேசியின் தொடுதிரை செயலிழந்த புகார்கள் பெருகியபோது, கைப்பேசி பலமுறை கடினமான தரையில் விழுந்ததே காரணம் என்று கூறி, பழுது நீக்க 149 டாலர் கட்டணம் வைத்தது. 2020 டிசம்பரிலோ, 2019 நவம்பர் முதல் 2020 மே வரை தயாரான ஐபோன் 11 கைப்பேசிகளில் சிலவற்றின் திரையில் குறை இருப்பதைத் தானே அறிவித்தது. வரிசை எண்ணைச் சரிபார்த்து இலவசமாக மாற்றித் தந்தது. அதற்கு முன்பே காசு கொடுத்து மாற்றியவர்கள் பணத்தைத் திரும்பப் பெறவும் வழி செய்தது. அதே நிறுவனம், அதே திரை. முதலில் பழி வாங்கியவரின் கைமேல் விழுந்தது. நான்காண்டு கழித்துப் பொறுப்பு செய்தவரின் கைக்கு வந்தது.

இடையில் நிற்கும் கடைக்காரரின் பாட்டையும் மறக்கலாகாது. தமிழகம் உள்ளிட்ட பல மாநிலங்களில் ஏறத்தாழ 4,500 கடைகளைக் கொண்ட சில்லறை விற்பனையாளர் சங்கம், 2024 மே 1 முதல் ஒன்பிளஸ் பொருட்களை விற்பதில்லை என்று ஏப்ரலில் அறிவித்தது. இலாப அளவு குறைவு என்பதோடு, உத்தரவாதக் கோரிக்கைகள் தாமதமாவதும் அவர்களின் முறையீட்டில் இருந்தது. வாங்கியவர் முதலில் சினந்து வருவது கடைக்காரரிடம்தான். அவரோ மேலே கையேந்தி நிற்கிறார்.

இவற்றையெல்லாம் எண்ணும்போது, நாம் சிறுவயது முதல் கேட்டுவரும் ஒரு நிகழ்ச்சி எனக்குப் புதிய பொருளோடு தெரிகிறது. ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி அது. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் தட்டியது. வணிகரிடம் காரணம் கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டதாக அவர் சொன்னார். மழை அந்த வணிகரின் குற்றமன்று. நபியவர்களும் அவரை மழைக்காகக் கண்டிக்கவில்லை. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்றே கேட்டார்கள். ஏமாற்றுகிறவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள்.

வெப்பமும் ஈரக்காற்றுமே காரணம் என்று நிறுவனங்கள் சொல்வது பொய்யன்று. அது அந்த வணிகர் சொன்ன மழையைப் போன்ற உண்மை. ஆனால் கேள்வி அதுவன்று. ஒரு மாடலில் குறை மிகுந்து வருவதை வாங்குபவருக்கு முன்பே அறிந்துகொள்வது, ஊரெங்கும் சேவை மையம் வைத்திருக்கும் நிறுவனம்தான். அறிந்த பிறகு அதைக் குவியலின் மேலே வைத்ததா, அடியில் வைத்ததா? வெயிலும் கடற்காற்றும் உள்ள நாட்டில் விற்கும் பொருள் அந்த நாட்டின் காற்றைத் தாங்க வேண்டும் என்பது வாங்குபவர் கேட்கும் தயவா?

நம் ஃபிக்ஹ் நூல்களில் 'கியாருல் ஐப்' என்றொரு பகுதி உண்டு. விற்கும்போதே பொருளில் இருந்து, வாங்குபவர் அறியாதிருந்த குறை பின்னர் வெளிப்பட்டால், வாங்குபவருக்குப் பொருளைத் திருப்பித்தரும் உரிமை உண்டு என்பது அதன் சாரம். காலம், பயன்பாடு பற்றிய விவரங்களை ஆலிம்களிடம் கேட்டறிய வேண்டும். நான் இங்கு கருதுவது அடிப்படையை மட்டுமே. மறைந்திருந்த குறைக்கான ஈடு ஹக்கு என்ற இடத்தில் வைத்துப் பேசப்படுகிறது, ஸதகா என்ற இடத்தில் அன்று. லாத்தாவின் கேள்விக்கு விடை அங்கே இருப்பதாகவே நான் உணர்கிறேன்.

நாட்டின் சட்டமும் இதை உரிமையாகவே பேசுகிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் அளிக்கலாம். நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும் தடையில்லை. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் அளிக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. குறை இருந்ததா என்று சோதனைக்கூடத்திற்கு அனுப்பிப் பார்க்கவும் ஆணையத்தால் முடியும்.

எங்கள் அனுபவத்தில் பயன்பட்ட சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். கோடு விழுந்த அன்றே தேதியோடு வேறு கைப்பேசியால் படமெடுங்கள். அதே திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு கைப்பேசியில் திறந்து பாருங்கள். அதில் கோடு தெரியாவிட்டால், குறை மென்பொருளில் இல்லை, திரையில் இருக்கிறது என்பதற்கு அது சான்று. திரை முற்றும் மறைவதற்குள் படங்களையும் எண்களையும் வேறிடத்தில் சேமியுங்கள். வாய்மொழியை நம்பி வராமல் வேலைச் சீட்டில் காரணத்தை எழுதி வாங்குங்கள். வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் வாங்கி அனுப்பும் கைப்பேசிகளுக்கு இங்கே உத்தரவாதம் செல்லுமா என்று வாங்கும் முன்பே கேட்கச் சொல்லுங்கள். பல நிறுவனங்களின் உத்தரவாதம் விற்ற நாட்டோடு நின்றுவிடுகிறது.

இறுதியாக ஒன்று. சிதம்பரத்திலும் கடலூரிலும் கைப்பேசி விற்பவர்களாகவும் பழுது நீக்குபவர்களாகவும் நம் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். ஹலாலான தொழில், அல்லாஹ் பரக்கத் செய்வானாக. பழைய கைப்பேசியை விற்கும்போது அதன் திரை மாற்றப்பட்டது என்றால் அதைச் சொல்லுங்கள். போட்டது நிறுவனத்தின் அசல் திரையா, விலை குறைந்த போலியா என்பதைக் கேட்கும் முன்பே சொல்லுங்கள். சூடேறினால் மங்கலாகக் கோடு தெரியும் கைப்பேசியைக் குளிர்ந்த வேளையில் காட்டி விற்காதீர்கள். வாங்குபவர் இரண்டாயிரம் குறைத்துக் கேட்பார் என்பது உண்மைதான். உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்திய இருவரின் வணிகத்தில்தான் பரக்கத் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்துச் சென்றிருக்கிறார்கள். பெரிய நிறுவனங்களிடம் நாம் எதிர்பார்க்கும் நேர்மை, முதலில் நம் கல்லாப்பெட்டிக்கு முன்னால் நிற்பவருக்குக் கிடைக்கட்டும்.