பிறழ்சாட்சி

நீதிமன்றச் செய்திகளில் அடிக்கடி கண்ணில் படும் சொல் 'பிறழ்சாட்சி'. முதலில் கூறியதை மன்றத்தில் மறுப்பவர் என்று பொருள். பழி முழுவதும் சாட்சியின் மீதே விழுகிறது. பிறழ்வதற்குமுன் அவர் எத்தனை நாள் துணையின்றி நின்றார் என்பதற்கு அச்சொல்லில் இடமில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரை, அவர் பயின்ற பள்ளியின் மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுத்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதனையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர் கையில் கட்டும் சாதிக்கயிறு பற்றி நாம் நிறையவே விவாதித்தோம். இத்தகைய வீட்டுக்கு மறுநாள் சட்டம் எவ்வடிவில் வந்து சேர்கிறது என்று விவாதித்தது குறைவு.

சட்டத்தில் குறையொன்றுமில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பட்டியல் இனத்தவர்க்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15அ பிரிவின்படி, எதிரி ஜாமீன் கேட்டால் பாதிக்கப்பட்டவர்க்கு முன்னறிவிப்புத் தரவேண்டும். அவர் தரப்பையும் மன்றம் கேட்கவேண்டும். எதிரி அடுத்த தெருக்காரராக இருக்கும் ஊரில் அவ்வறிவிப்பு வெறும் தாளன்று, உயிர்க்காப்பு.

ஆயினும் நம் ஊர்களில் வழக்கறிஞர்க்கு முன்பே சமாதானம் பேசுவோர் வந்துவிடுகின்றனர். சாட்சி பிறழத் தொடங்குவது அந்த இடைவெளியில்தான்.

சட்ட உதவிக்கான தேசிய எண் 15100. அதனை வகுப்பறைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவைக்க, ஆசிரியர்களாகிய நாம் எவரது ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.