மை இன்னும் தீரவில்லை!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் நண்பர்கள் ராக்கெட், ரோபோ, செயற்கை நுண்ணறிவு என்று பெரிய பெரிய தலைப்புகளாகப் பிடித்துக்கொண்டார்கள். நான் பிடித்தது இன்ஜெட் பிரிண்டரின் மைப்பெட்டி. "கார்ட்ரிட்ஜைப் பத்தி எழுத என்னடா இருக்கு?" என்று விடுதி நண்பன் சிரித்தான். இருக்கிறது நண்பர்களே! நம்மில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்காதவர் யார்? நாளை காலை சமர்ப்பிக்க வேண்டும் என்ற நிலையில், "மை குறைவாக உள்ளது" என்று கம்ப்யூட்டர் திரையில் பார்த்துவிட்டுக் கடைக்காரர் கையை விரித்த அனுபவம் எத்தனை பேருக்கு உண்டு? அந்த எச்சரிக்கை எந்த அளவுக்கு உண்மை என்பதுதான் என் கட்டுரை.

முதலில் என்னைப் பற்றிச் சில வரிகள். நான் கல்வராயன் மலைக்காரன். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, மலை ஏறி, வெள்ளிமலையில் இறங்கி, அதற்கு மேலும் நடந்தால் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் சாமை விதைப்பார்கள், மரவள்ளி நடுவார்கள், பருவத்தில் கடுக்காய் பொறுக்குவார்கள். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பைத் தாண்டி வந்தவன் நான் ஒருவன்தான். கல்லூரி முடிந்ததும் மாலை நேரத்தில் கள்ளக்குறிச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். விடுதிச் செலவுக்கு அந்தச் சம்பளம்தான் துணை.

எங்கள் மலையை 1976-ஆம் ஆண்டில்தான் ஜாகிர்தார்களிடமிருந்து அரசு எடுத்துக்கொண்டது. எங்கள் தாத்தா கையில் பட்டா என்று ஒரு காகிதம் இருந்ததே இல்லை. இன்றோ எதற்கெடுத்தாலும் காகிதம்! சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று என்று எல்லாமே கம்ப்யூட்டரில் வருகிறது, பிரிண்டரில் இறங்குகிறது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன பிறகு, பல வேலைகளுக்கு விழுப்புரம் வரை போகும் அலைச்சல் குறைந்தது. ஆனாலும் மலையிலிருந்து இறங்கி வருபவருக்கு ஒரு பிரிண்ட் என்பது ஒரு நாள் கூலியும் பஸ் காசும் சேர்ந்த விஷயம். அதனால்தான் மை தீர்ந்ததா இல்லையா என்பது எங்களுக்கு விளையாட்டுப் பேச்சு அல்ல.

சரி, பிரிண்டர் எப்படி மையைத் தெளிக்கிறது? 1977-இல் ஜப்பானில் கேனான் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சூடான சால்டரிங் அயர்ன் ஒன்று, மை நிரப்பிய சிரிஞ்சு ஊசியின் மேல் தற்செயலாகப் பட்டது. உடனே ஊசி முனையிலிருந்து மை தெறித்தது. நம் லேபில் தினமும் கையில் பிடிக்கிறோமே, அதே சால்டரிங் அயர்ன்தான்! அந்தத் தெறிப்பிலிருந்துதான் கேனானின் 'பபுள் ஜெட்' பிறந்தது. இந்த வகை ஹெட்டில் முடியைவிட மெல்லிய துளைகள் இருக்கும். துளைக்குப் பின்னால் ஒரு குட்டி ரெசிஸ்டர். அதில் கரண்ட் பாய்ந்த நொடியில் மை கொதித்து ஒரு குமிழி உண்டாகும். குமிழி தள்ளுகிற தள்ளில் ஒரு துளி காகிதத்தில் போய் விழும். அந்தத் துளியை பிகோலிட்டரில் அளக்கிறார்கள். ஒரு லிட்டரை ஒரு லட்சம் கோடி பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு பிகோலிட்டர்!

இப்போது விஷயத்துக்கு வருவோம். பெட்டிக்குள் எவ்வளவு மை மிச்சம் என்று பிரிண்டருக்கு எப்படித் தெரியும்? மோட்டார் சைக்கிள் டேங்கில் இருப்பதுபோல உள்ளே ஒரு மிதவை இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெரும்பாலான சிறிய பிரிண்டர்களில் அப்படி எதுவும் கிடையாது. சில மாடல்களில் மட்டும் மை ஓர் அளவுக்குக் கீழே போனால் கண்டுபிடிக்கும் ஒளி சென்சார் உண்டு. மற்றபடி அது செய்வது வெறும் கழித்தல் கணக்கு. புதுப் பெட்டியில் இவ்வளவு மை என்று ஒரு எண் இருக்கும். எத்தனை துளி அடித்தோம் என்று எண்ணி, அதிலிருந்து கழித்துக்கொண்டே வரும். ஹெட்டைக் கழுவச் செலவான மையையும் கழிக்கும். கணக்கு அடிமட்டத்துக்கு வந்ததும் எச்சரிக்கை எழும். அதாவது, பிரிண்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. கணக்கு நோட்டைத்தான் பார்க்கிறது.

ரீஃபில் செய்த பெட்டியில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. சிரிஞ்சை வைத்து ஸ்பாஞ்சு நனைய நனைய நாம் மையை நிரப்பிவிடுவோம். ஆனால் பிரிண்டர் வைத்திருக்கும் பழைய எண் பழைய எண்ணாகவே இருக்கும். பெட்டி நிறைந்திருக்கிறது, கணக்கோ 'தீர்ந்தது' என்கிறது. காலி என்று சொல்லப்படுவது காலி இல்லை!

புதுப் பெட்டியில் மட்டும் கணக்கு சரியாக இருக்குமா? அமெரிக்காவின் 'பிசி வேர்ல்டு' பத்திரிகை 2008-இல் சில பிரிண்டர்களைச் சோதித்தது. மை தீர்ந்துவிட்டது என்று பிரிண்டர் சொன்னபோது, பெட்டிகளில் 8 முதல் 45 சதவீதம் வரை மை மிச்சம் இருந்தது. மை இருக்கும்போதே பிரிண்டர் நின்றுவிடுகிறது என்று எப்சன் நிறுவனத்தின் மேல் அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கு 2006-இல் சமரசத்தில் முடிந்தது. நிறுவனங்களின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. சூடாகும் ஹெட்டைக் குளிர்விப்பதே அந்த மைதான். மை இல்லாமல் ஓட்டினால் ஹெட் கருகிவிடும். அதனால் கொஞ்சம் மிச்சம் வைத்தே நிறுத்துகிறோம் என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதுதான் கேள்வி.

எங்கள் கடையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நாள் மாலை மலையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மகளை விடுதியில் சேர்க்க விண்ணப்பமும் சான்றிதழ்களும், எல்லாம் சேர்த்து ஆறு பக்கம். இரண்டாவது பக்கத்திலேயே கருப்பு மை தீர்ந்தது என்று பிரிண்டர் நின்றுவிட்டது.

"காலையிலதான ரொப்புனேன், அதுக்குள்ளயா? ஐயா, நாளைக்கு வாங்க, புதுசு வாங்கி வெச்சிடறேன்" என்றார் கடை அண்ணன்.

"நாளைக்குன்னா இன்னொரு நாள் கூலி போச்சுங்களே. கடைசி பஸ்ஸு வேற போயிடும்" என்றார் பெரியவர்.

அதற்குச் சில வாரங்கள் முன்பே நான் ஒரு வேலை செய்து வைத்திருந்தேன். பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் கிராம் தராசு உண்டு. எங்கள் மலைக் கடுக்காய் அங்கேதான் பொட்டலமாக விற்கிறது. அந்தத் தராசில் ஒரு காலிப் பெட்டியையும், நிரப்பிய பெட்டியையும் எடை போட்டு நோட்டில் எழுதியிருந்தேன். ஒரு மில்லிலிட்டர் மை ஏறக்குறைய ஒரு கிராம். ஆகவே எடையைப் பார்த்தால் மை தெரிந்துவிடும்! அன்று பெட்டியைக் கழற்றிக்கொண்டு ஓடினேன். தராசு முக்கால் பெட்டி மை இருப்பதாகச் சொன்னது.

"அண்ணே, மை இருக்குது. எச்சரிக்கையைத் தாண்டிப் போடலாம்" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். எச்சரிக்கையைத் தாண்டும் பட்டனை அழுத்திப் பிடித்தோம். ஆறு பக்கமும் பளிச்சென்று வந்தது. பெரியவர் காகிதங்களை மடிக்காமல் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு விரைந்தார். அதே பெட்டியில் அதற்குப் பிறகும் நூறு பக்கத்துக்கு மேல் அடித்தோம்.

இதைக் கேட்டு, எச்சரிக்கை எல்லாமே பொய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்! மறுபக்கமும் உண்டு. கேனானின் சில மாடல்களில் ஸ்டாப் பட்டனை ஐந்து வினாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் மை எச்சரிக்கை அணைந்துவிடும். அதன் பிறகு அந்தப் பெட்டிக்கு பிரிண்டர் கணக்குப் பார்ப்பதே இல்லை. நிஜமாகவே மை தீர்ந்தாலும் வாயைத் திறக்காது. நாமும் கவனிக்காமல் விட்டால் ஹெட் கருகும். இன்னொன்று, மையிலும் இரண்டு ஜாதி உண்டு. பல பிரிண்டர்களில் கருப்புப் பெட்டிக்கு வருவது பிக்மென்ட் மை; காய்ந்த பிறகு தண்ணீர் பட்டாலும் சுலபத்தில் கலையாது. விலை குறைவு என்று அதில் டை மையை நிரப்பினால், பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். மலையில் ஒரு தூறல் போதும், எழுத்து எல்லாம் ஓடிவிடும். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியின் விண்ணப்பம் அப்படி நனைந்து வீணானதை நானே பார்த்தேன். ரீஃபிலில் மிச்சமாகும் பணம் வாடிக்கையாளர் தலையில் விடியக்கூடாது அல்லவா?

இந்த மைப்பெட்டிச் சண்டை உலகம் முழுவதும் நடக்கிறது. நிரப்பி விற்ற டோனர் பெட்டிகள் குறித்து லெக்ஸ்மார்க் நிறுவனம் தொடுத்த வழக்கில், 2017-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. பெட்டியை ஒருமுறை விற்றுவிட்டால் அதன்மேல் கம்பெனியின் காப்புரிமை அதோடு தீர்ந்தது என்றது. 2022-இல் இன்னும் வேடிக்கை. உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு வந்தபோது, கேனான் நிறுவனம் தன் சொந்த டோனர் பெட்டிகள் சிலவற்றைச் சிப் இல்லாமலே விற்க வேண்டியதாயிற்று. பிரிண்டர் அவற்றை ஏற்காமல் எச்சரித்தது. அந்த எச்சரிக்கையைத் தாண்டுவது எப்படி என்று கம்பெனியே வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது!

நம் நாட்டிலும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் மை பாட்டில், சிரிஞ்சு என்று எல்லாமே கிடைக்கும். பிரிண்டருக்கு வெளியே டேங்க் வைத்து, டியூப் வழியாக மை ஓட்டும் வித்தையைக் கடைக்காரர்கள் தாங்களாகவே செய்துகொண்டார்கள். இதைப் பார்த்த எப்சன் நிறுவனம் 2010-இல் இந்தோனேசியாவில் டேங்க் பிரிண்டரைத் தானே அறிமுகம் செய்தது. அடுத்து இந்தியாவுக்கும் வந்தது. இன்று ஜெராக்ஸ் கடைகளில் அதிகம் பார்ப்பது அந்த வகையைத்தான். அதில் மை மட்டத்தை டேங்கின் பக்கவாட்டில் கண்ணாலேயே பார்க்கலாம். கம்பெனியின் கையேடும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கத்தான் சொல்கிறது. இவ்வளவு சிப், இவ்வளவு கணக்கு எல்லாம் போட்டுக் கடைசியில் வந்து சேர்ந்த இடம் நம் கண்!

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பெரியவர்கள் வாக்கு. எங்கள் கடையில் இப்போது கடைப்பிடிக்கும் முறைகளைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலோ கடையிலோ இன்ஜெட் இருந்தால் பயன்படும்.

1. காலிப் பெட்டியின் எடையை ஒருமுறை குறித்து வையுங்கள். சந்தேகம் வரும்போது எடை போடுங்கள்.

2. நிரப்பிய தேதி, எத்தனை மில்லி, அதுவரை எத்தனை பக்கம் என்று நோட்டில் எழுதுங்கள்.

3. எச்சரிக்கையை அணைத்த பிறகு, எழுத்து வெளிறத் தொடங்கினாலே நிறுத்திவிடுங்கள். அடித்துக்கொண்டே போகாதீர்கள்.

4. பிக்மென்ட்டுக்கு பிக்மென்ட், டைக்கு டை. மாற்றி ஊற்றாதீர்கள்.

5. பிரிண்டரை அதன் பட்டனிலேயே அணையுங்கள். சுவர் சுவிட்சை நேரடியாக அணைத்தால் ஹெட் தன் மூடிக்குள் போய் நிற்காது. மை காய்ந்து துளை அடைபடும்.

நண்பர்களே, இந்தக் கணக்கைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. நான் பாலிடெக்னிக்கில் சேர்கிறேன் என்றதும், "மலைக்காரப் பையன், அப்பன் ஆத்தா படிக்கல, இவனுக்கு எங்க ஏறப்போவுது?" என்று சொன்னவர்கள் உண்டு. அவர்கள் என்னை அளந்து பார்க்கவில்லை. என் வீட்டின் பழைய கணக்கைப் பார்த்தார்கள். எங்கள் தாத்தாவுக்கு எழுத்தில்லை, அப்பாவுக்கு எழுத்தில்லை, ஆகவே எனக்கும் இல்லை! நம் வகுப்பில் என்னைப்போல முதல் தலைமுறையாக வந்தவர்கள் எத்தனையோ பேர். முதல் செமஸ்டரில் அரியர் விழுந்ததும், அந்தப் பழைய கணக்கைத் தாங்களே நம்பிப் படிப்பை விட்டு ஊருக்குப் போனவர்களும் உண்டு. அவர்களிடம் மை இல்லாமல் போகவில்லை. கடுக்காய்க் கஷாயத்தில் அன்னபேதியைச் சேர்த்தால் கருப்பு மையாகும் என்பது பழைய முறை. எங்கள் மலையில் கீழே விழுந்து கிடக்கும் காயிலேயே இத்தனை காலமாக மை இருந்திருக்கிறது!

ஆனால் ஒன்று. மை இருக்கிறது என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. தராசில் வைத்துக் காட்ட வேண்டும். நம் தராசு நம் லேபும் தேர்வும்தான். ஆகவே அரியர் வைத்திருக்கும் நண்பனே, அறையைக் காலி செய்யும் முன் ஒருமுறை வந்து எங்களோடு உட்கார்ந்து படி. எலெக்ட்ரிக்கல் சர்க்யூட் எனக்கு ஓரளவு வரும், சொல்லித் தருகிறேன். கணக்கு உனக்கு வந்தால் எனக்குச் சொல்லிக் கொடு. விடுதியில் இரவு ஒன்பது மணிக்கு மேல் நான் சும்மாதான் இருக்கிறேன்.

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்பியல் துறை