முத்தநாதன் மூட்டை

சென்ற கிருத்திகையன்று குன்றத்தூர் மலையில் முருகனைத் தரிசித்துவிட்டு இறங்கும்போது, நம் பழைய நண்பர் ஒருவரைக் கண்டோம். அவர் முகத்தில் வெகுநாளாக இல்லாத தெளிவு இருந்தது. "கடன் தொல்லை தீர்ந்தது, ஸ்வாமி!" என்றார். கடனை ரத்துச் செய்து தரும் கம்பெனி ஒன்று அகப்பட்டதாம். பன்னிரண்டாயிரம் ரூபாய் முன்பணம் கட்டினால் 'கடன் விடுதலைப் பத்திரம்' தருவார்களாம். அதுவரை பாங்கிக்குத் தவணையே கட்ட வேண்டாமாம்! முன்பணத்துக்காக மனைவியின் வளையல்கள் அவருடைய சட்டைப் பையில் இருந்தன.

சேக்கிழார் பிறந்த ஊரல்லவா இது? நமக்கு அவர் பாடிய மெய்ப்பொருள் நாயனாரின் கதை நினைவுக்கு வந்தது. போரில் வெல்லமாட்டாத முத்தநாதன், திருநீறு பூசி அடியார் வேடத்தில் வந்தான். ஆகமம் என்று அவன் அவிழ்த்த புத்தகக் கட்டில் இருந்தது கத்தி!

இத்தகைய பத்திரங்களைக் குறித்து 2023 டிசம்பரிலேயே ரிசர்வ் பாங்கு எச்சரித்திருக்கிறது. கடனைத் தள்ளக் கடன் கொடுத்தவருக்கும் சட்டத்துக்குமே அதிகாரம் உண்டு. 1938-ல் ராஜாஜி மந்திரிசபை இயற்றிய விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடன்களில் 1937 அக்டோபர் 1 அன்று நின்ற வட்டிப் பாக்கியை ரத்துச் செய்தது. அது சட்டசபை செய்த காரியம்; துண்டு விளம்பரம் செய்ததன்று.

முன்பணம் கேட்பவரையும், "தவணையை நிறுத்து, பாங்கியோடு பேசாதே" என்பவரையும் நம்பலாகாது. தவணை நின்றால் வட்டியும் அபராதமும் வளரும். யோக்கியமான ஆலோசகர் தம் கட்டணத்தை எழுத்தில் தருவார். பாங்கியின் சம்மதக் கடிதத்தைக் காட்டுவார். பணத்தை நேரே பாங்கியில் கட்டச் சொல்வார். குறைத்துத் தீர்த்த கடன் வரவு செலவு நாணயக் குறிப்பில் அப்படியே பதிவாகும் என்பதையும் மறைக்கமாட்டார்.

"பாங்கிக்குள் நுழைய வெட்கமாக இருக்கிறது" என்றார் நண்பர் மெல்ல. அந்த வெட்கந்தான் முத்தநாதன் நுழையும் வாயில். மானேஜரிடம் தவணையை நீட்டிக்கக் கேட்பதில் இழிவில்லை. இரு தரப்பும் இசைந்தால் லோக் அதாலத்தில் செலவின்றித் தீர்த்துக்கொள்ளலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100. தொலைபேசி, இணையம் வழியே பணம் பறிகொடுத்தால் 1930.

நாயனாருடைய வாயிலில் தத்தன் என்றொரு காவலன் இருந்தான். வந்தவனைச் சற்றே தடுத்து நிறுத்தவும் செய்தான். கையொப்பமிடுமுன் நம்மைத் தடுத்துக் கேட்க வீட்டிலே ஒரு தத்தன் வேண்டும். நாயனாருக்கோ சிவபதம் கிடைத்தது. நம்மவருக்குக் கிடைப்பது கடன்மேல் கடனே!

வளையல்கள் வீடு திரும்பின. மறுநாள் பாங்கிக்கு இருவருமாகப் போனோம்.