எட்டாம் வகுப்பில் ஒரு குடவோலை

பாடப்புத்தகத்தில் உத்திரமேரூருக்குக் கிடைத்த இடம் ஒரு பத்திதான். சோழர் காலத்தில் ஊராட்சி சிறந்து விளங்கியது, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுக்கும் குடவோலை முறையில் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நாலு வரி. பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. அந்தப் பத்தியை வாசித்து முடித்ததும் எங்கள் வரலாற்று டீச்சர் புத்தகத்தை மூடி வைக்கச் சொன்னார். "இத நாம நடத்திப் பாக்கப் போறோம். நாடகம் இல்ல, யாரும் வசனம் எழுதக் கூடாது. கல்வெட்டுல என்ன இருக்குதோ அத மட்டும்தான் செய்யணும்."

வந்தவாசிப் பக்கத்துக் கிராமப் பள்ளி அது. உத்திரமேரூர் எங்களுக்கு பஸ்ஸில் போய்வருகிற ஊர். கல்யாணத்துக்குப் போவோம், துணி எடுக்கப் போவோம். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய தேர்தல் சட்டம் வெட்டியிருக்கிறது என்பது எங்கள் வீடுகளில் யாருக்கும் தெரியாது.

டீச்சர் வேலையைப் பிரித்த விதத்தை இன்றும் வியக்கிறேன். அந்தச் சுவரில் இருப்பது ஒரு சட்டம் அல்ல, இரண்டு. முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919இல் ஒன்று. 14ஆம் ஆட்சியாண்டில், 921இல் இன்னொன்று. இரண்டின் சாரத்தையும் எளிய தமிழில் தன் கையாலேயே எழுதி, ஒன்றை முதல் குழுவுக்கும் மற்றதை இரண்டாம் குழுவுக்கும் கொடுத்தார். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. மூன்றாம் குழு ஓலையும் பானையும் தயார் செய்ய வேண்டும். நான்காம் குழுவுக்கு, ஊர் வேலைகளைப் பார்த்த குழுக்களான வாரியங்களைப் பற்றிய வேலை. ஐந்தாம் குழுவான எங்களுக்கு ஒரே ஒரு விதி: பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி குடவோலைக்கு வரக் கூடாது, அவன் உறவினரும் வரக் கூடாது.

இதில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தோம். தாளைப் பிரித்தால் உறவுகள் வரிசையாக இறங்கின. சிற்றவ்வை மக்கள், பேரவ்வை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தகப்பனோடு பிறந்தவன், தாயோடு பிறந்தவன், மாமனார், மருமகன், மனைவியின் உடன்பிறந்தான் என்று முடிவில்லாமல் போனது. சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். புளி தட்டிக்கொண்டிருந்த என் ஆயா, "சத்தம் போட்டுப் படிடி" என்றாள். படித்தேன். ஒவ்வொரு உறவுக்கும் ஒரு புளியங்கொட்டையைத் திண்ணையில் வைத்துக்கொண்டே வந்தாள். நடுவில் கணக்குக் காட்டாதவன். மேலே அப்பன் வழி, இந்தப் பக்கம் அம்மா வழி, அந்தப் பக்கம் பெண்டாட்டி வழி. கடைசியில் திண்ணையில் பாதி நிறைந்துவிட்டது. ஆயா அதைப் பார்த்து, "ஒருத்தன் தின்னா ஒரு தெருவே வெளியதான் நிக்கணும். கெட்டிக்காரனுங்கதான்" என்றாள். அந்தப் புளியங்கொட்டைப் படத்தை அப்படியே சார்ட்டில் வரைந்தோம்.

ஓலைக் குழுவுக்கும் லேசான வேலை இல்லை. பனங்குருத்தைச் சீவி, வேகவைத்து, நிழலில் காயவைத்தார்கள். எழுத்தாணிக்குப் பதில் கூராகத் தேய்த்த ஆணி. எழுதினால் ஓலையில் கீறல் மட்டுமே விழுந்தது, எழுத்து தெரியவில்லை. குழுவில் ஒருத்தியின் தாத்தா ஜாதகம் எழுதிய காலத்தவர். விளக்குக்கரியை ஊமத்தை இலைச்சாற்றில் குழைத்துத் தடவித் துணியால் துடைக்கச் சொன்னார். துடைத்ததும் கறுப்பாக எழுத்து எழும்பியதைப் பார்க்க அடுத்த வகுப்புப் பிள்ளைகள்கூட ஜன்னலில் வந்து தொங்கினார்கள்.

முதல் இரண்டு குழுக்களும் தாள்களை ஒப்பிட்ட நாளில்தான் எங்களுக்கு உண்மையில் கண் திறந்தது. முதல் சட்டத்தில் வயது 30க்கு மேல், 60க்குள். இரண்டாவதில் 35க்கு மேல், 70க்குள். கணக்குக் காட்டாதவனின் உறவினரை அத்தனை விரிவாக அடைத்ததும், கழுதை மேல் ஏற்றப்பட்டவனையும் பொய் ஆவணம் எழுதியவனையும் ஒதுக்கியதும் இரண்டாவது சட்டம்தான். "ரெண்டே வருஷத்துல எதுக்கு மாத்தினாங்க?" என்று டீச்சர் கேட்டார். "யாரோ ஏமாத்தியிருப்பாங்க டீச்சர்" என்று பின்பெஞ்சிலிருந்து குரல் வந்தது. ராஜா போர் செய்தார், கோயில் கட்டினார் என்றே படித்து வந்த எங்களுக்கு, ஓர் ஊர் கூடி உட்கார்ந்து தன் சட்டத்தில் ஓட்டை கண்டு அடைத்திருக்கிறது என்பது புதிதாக இருந்தது.

குடவோலை நாளன்று வேப்பமரத்தடியில் பள்ளியே கூடியது. அன்றைய உத்திரமேரூரில் 30 குடும்புகள், அதாவது ஊர்ப் பிரிவுகள். குடும்புக்கு ஒருவராக எடுத்த 30 பேரில் ஆண்டு வாரியமான சம்வத்சர வாரியத்துக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவி 360 நாள். நாங்கள் பெஞ்சுக்கு ஒரு குடும்பு வைத்துக்கொண்டு, ஓலைகளைக் கட்டி, கட்டின் மேல் குடும்பின் பெயர் எழுதிய வாயோலை வைத்தோம். கோயில் பூசாரியான நம்பியாக நின்றவன் பானையை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டினான். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து ஒரு கட்டை எடுத்தான். அதைப் பிரித்து இன்னொரு பானையில் போட்டுக் குலுக்கினோம். அதிலிருந்து அவன் ஓர் ஓலையை எடுத்துக் கொடுத்தான். நடுவரான மத்தியஸ்தன் அதை ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும் என்று கல்வெட்டு சொல்கிறது. விரல் மடங்கினால் இன்னோர் ஓலையை உள்ளே ஒளித்து வைத்துவிடலாமே! அவன் படித்த பிறகு கூடியிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாங்கிப் படிக்க வேண்டும். ஒரே பெயரை வரிசையாக ஒவ்வொருவராகப் படிக்கக் கேட்டபோது கூட்டம் முதலில் சிரித்தது, பிறகு அடங்கிக் கேட்டது.

மறுநாள் டீச்சர் இன்னொரு கட்டுத் துண்டுச்சீட்டுகள் கொண்டு வந்தார். ஒவ்வொன்றிலும் அந்தக் காலத்து ஆள் ஒருவர்: நெசவாளி, அவர் மனைவி, குயவர், ஏர் உழுபவர், விதவைப் பெண், வேதம் படித்த நிலக்காரர், நிலம் இல்லாத அவர் தம்பி. உங்கள் ஆளின் பெயர் பானைக்குள் போகுமா என்று பாருங்கள் என்றார். இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றவனுக்கு அரைக்கால் வேலி போதும். சொந்த மனையில் வீடு வேண்டும். அது பிராமணர்களின் சபை; பெண்ணுக்குப் பேச்சே இல்லை. சீட்டுகள் ஒவ்வொன்றாக மேசையில் ஒதுங்கின. என் கையில் இருந்தது நெசவாளியின் மனைவி. எனக்கு அழுகை முட்டியது. "அப்ப ஏரித் தண்ணி எங்களுக்கு வேணாமா டீச்சர்?" என்று கேட்டேன். வைரமேகத் தடாகம் என்ற அந்த ஊர்ப் பெரிய ஏரியைப் பற்றி நான்காம் குழு அப்போதுதான் பேசி முடித்திருந்தது. டீச்சர் பதில் சொல்லவில்லை. என் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, பெருமைப்பட வேண்டியதை ஒரு பக்கமும் கேட்க வேண்டியதை மறுபக்கமும் எல்லோரையும் எழுத வைத்தார். கண்டிப்பான அந்த விதிகளை இன்றும் மதிக்கிறேன். பானைக்கு வெளியே நின்றவர்களைச் சொல்லாமல் குடவோலையின் பெருமையை யார் பேசினாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

திட்டத்தின் கடைசிப் பகுதி, எங்கள் வகுப்புக்கு நாங்களே சட்டம் எழுதுவது. நூலக அலமாரிச் சாவி, தோட்டம், தண்ணீர்ப் பானை, இவற்றைப் பார்த்துக்கொள்ள மூன்று வாரியம். எல்லோர் பெயரும் குடத்தில் போகும், பெண்கள் உட்பட. விரித்த கையில் ஓலை வாங்குவதை அப்படியே வைத்துக்கொண்டோம். வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர மூன்று ஆண்டு இடைவெளி வேண்டும் என்ற பழைய விதியை மூன்று மாதம் ஆக்கினோம். உறவினர் விதிக்குத்தான் பெரிய சண்டை. வகுப்பில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை. தோட்டத்தில் காய்த்த கத்தரிக்காய்க்குக் கணக்குச் சொல்லாதவன் ஒருவன் இருந்தான். அவனுக்காக அவன் பெரியப்பா மகள் ஏன் ஒதுங்க வேண்டும் என்று மணி அடிக்கும்வரை வாதாடினோம். கை தூக்கிப் பார்த்ததில் அவள் பக்கம் ஜெயித்தது. கணக்குக் காட்டாதவன் மட்டும் நிற்கக் கூடாது, அவன் வீட்டார் நிற்கலாம் என்று திருத்தி, திருத்திய தேதியும் போட்டு, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கி, கால அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டினோம்.