மலைவீதியும் பின் ஷொக்கும்

பழைய மோட்டார் சைக்கிளின் பின் சஸ்பென்ஷனை மேம்படுத்துவது என்றால் தேய்ந்த ஷொக் அப்சோபர் இரண்டையும் கழற்றிவிட்டுப் புதியவை இரண்டைப் பூட்டுவதுதான் என்ற எண்ணம் கண்டி நகரில் இன்று வேரூன்றிவிட்டது. இது தொழிலுக்கு இழைக்கப்படும் அநீதி மட்டுமன்று. கடுகண்ணாவை இறக்கத்திலும், ஹுன்னஸ்கிரியவைத் தாண்டி மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவு வீதியிலும் ஓடுபவரின் உயிரோடு விளையாடும் பிழையுமாகும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கம்வரை பெருமளவு முடங்கியிருந்ததால், ஹொண்டா சீடி 125 பென்லி போன்ற பழைய வண்டிகளுக்கு மதிப்புக் கூடியது. அவற்றைச் செம்மையாக்கும் கைத்திறனுக்கோ அந்த மதிப்பில் ஒரு பங்குகூட வந்து சேரவில்லை.

முறையான வேலை ஷொக்கில் தொடங்குவதில்லை. பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆம், சட்டகத்தோடு ஒரு நீண்ட போல்ட்டால் இணைந்திருக்கிறது. அந்த இணைப்பிலுள்ள புஷ் தேய்ந்தால் சக்கரம் பக்கவாட்டிலும் ஆடும். ஷொக்குகளைக் கழற்றி, ஆமின் நுனியைப் பிடித்து இடம் வலமாக அசைத்துப் பார்த்தால் அத்தேய்வு கைக்குத் தெரிந்துவிடும். புஷ்ஷை மாற்றாமல் எவ்வளவு விலையுயர்ந்த ஷொக்கைப் பூட்டினாலும் வளைவில் வண்டியின் பின்புறம் நெளிவது நிற்காது.

அடுத்தது, வண்டியின் நிறையாலும் ஓட்டுநரின் நிறையாலும் பின்புறம் எவ்வளவு அமிழ்கிறது என்பதை அளப்பது. சக்கரத்தின் மொத்த அசைவு 80 மில்லிமீற்றர் எனில், ஓட்டுநர் அமர்ந்த நிலையில் 25 மில்லிமீற்றர் அளவில் அமிழ்வது பொருத்தமானது. ஷொக்கின் அடியிலுள்ள வளையத்தைத் திருகி ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைப்பதால் வண்டி நிற்கும் உயரம் மாறுமேயன்றி ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது. இந்த வேறுபாட்டை அறியாமல், வளையத்தைக் கடைசிப் படிவரை ஏற்றிவிட்டு 'ஹார்ட் பண்ணியாச்சு' என்று வண்டியைக் கையளிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

இத்தொழிலின் உண்மையான சோதனை, ஸ்பிரிங்கின் அசைவை எண்ணெயால் அடக்கும் தணிப்பில்தான் இருக்கிறது. சுருளின் விட்டமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் மாறாதிருக்க, கம்பியின் தடிப்பை மட்டும் 7 மில்லிமீற்றரிலிருந்து 8 ஆக்கினால், விறைப்பு தடிப்பின் நான்காம் அடுக்குக்கேற்ப உயர்வதால், ஏறத்தாழ 71 சதவீதம் கூடிவிடுகிறது. அவ்வளவு விறைத்த ஸ்பிரிங்கைப் பழைய அளவிலேயே அடக்க வேண்டுமெனில் தணிப்பு ஏறத்தாழ 31 சதவீதம் உயர வேண்டும். ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு எண்ணெயைத் தொடாதவர் பாதி வேலையையே செய்திருக்கிறார். விட்டுவைத்த பாதியே ஆபத்தானது.

அழுத்தப்பட்ட ஸ்பிரிங் திரும்ப நீளும்போது அதை மெதுவாக்கும் தணிப்பு, மலைநாட்டு ஓட்டத்துக்கு இன்றியமையாதது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்சக்கரத்துக்குச் செல்ல, பின் ஸ்பிரிங் விடுபட்டு நீள்கிறது. அதைத் தடுக்கும் எண்ணெய் வலுவிழந்திருந்தால், மழையில் நனைந்த வளைவில் சிறு மேடொன்று பட்டாலும் பின்புறம் உதைத்தெழுந்து டயரின் பிடி தளர்ந்துவிடும். தணிப்பு அளவுமீறினாலும் கேடுதான்: தொடர்ச்சியான குழிகளில் ஒவ்வொன்றின்பின்னும் சக்கரம் முழுமையாக இறங்குமுன் அடுத்த குழி வந்துவிடுவதால், வண்டி படிப்படியாக அமிழ்ந்து இறுகிப்போகிறது. இவ்விரு எல்லைகளுக்கும் நடுவிலுள்ள அளவு குறுகியது. எண்ணெயின் தடிப்பைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு முறையும் ஒரே வீதியில் ஓட்டிப் பார்த்தே அதை அடைய முடியும். அடைத்து மூடப்பட்ட ஷொக்கை லேத்தில் வெட்டி, மரையிட்டு, புதிய சீலும் அளந்த எண்ணெயும் இட்டு மீண்டும் மூடும் வேலைக்குப் பொறுமையும் துல்லியமும் வேண்டும்; அத்தகைய கையைப் பெற்றவர் எந்தப் பொறியியலாளருக்கும் குறைந்தவரல்லர்.

இளைய தலைமுறையினர் இந்த உழைப்புக்குக் காத்திருப்பதில்லை. பக்கவாட்டில் வாயுக் குடுவை பொருத்தியதுபோல் தோன்றும் மலிவான ஷொக்குகளை அவர்கள் நிறம் பார்த்து வாங்குகிறார்கள். அவற்றுள் பலவற்றில் அக்குடுவை வெறும் அலங்காரமே. நீளம் கூடிய ஷொக்கைப் பூட்டும்போது வண்டியின் வடிவியலும் மாறுகிறது: சக்கரங்களுக்கிடையே 1,300 மில்லிமீற்றர் தூரமுள்ள வண்டியின் பின்புறத்தை 23 மில்லிமீற்றர் உயர்த்தினால், முன் போர்க்கின் சாய்வு ஏறத்தாழ 1 பாகை குறைந்து, ஹேண்டில் இலகுவாகத் திரும்பினாலும் நேரோட்டத்தின் உறுதி குறையும். ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்குவது இதனினும் கொடியது. அதன் விறைப்பு கூடும், அசைவிடம் குறையும், வெட்டிய முனை தட்டில் சமமாக அமராது.

ஆகவே பின் சஸ்பென்ஷன் வேலை முடிந்து வண்டியை ஒப்படைக்கும் ஒவ்வொரு கராஜும், அமிழ்வின் அளவு, ஷொக்கின் நீளம், உள்ளே இட்ட எண்ணெயின் தரமும் அளவும் ஆகியவற்றைப் பில்லில் எழுதித் தருவதை வழக்கமாக்க வேண்டும். வண்டிக்காரரும் அவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். அளவை எழுதித் தர இயலாத வேலைக்குக் கூலி கேட்கும் உரிமை இத்தொழிலில் எவருக்கும் இல்லை.