ரூட் செய்த போனில் பூட்டு

ஒரு போனை ரூட் செய்யும்போது முதலில் பலியாவது அதன் மறையாக்கம், அதாவது என்கிரிப்ஷன்தான். ரிக்கவரிக்குள் போனால் உள்நினைவகம் 0 எம்பி என்று காட்டுகிறது, படங்களை வாசிக்க முடியவில்லை, ரொம் ஏறவில்லை. உடனே பலரும் எடுக்கும் வழி, ஃபோர்ஸ் என்கிரிப்டை நீக்கி, டேற்றாப் பகுதியை ஃபோர்மற் செய்து, இனி எல்லாம் திறந்தே கிடக்கட்டும் என்று விடுவது. வேலை சுலபமாகிவிடும், போனும் ஓடும். ஆனால் அந்தப் போன் பஸ்ஸில் தவறினால், எடுத்தவர் ஒரு யூஎஸ்பி வயரைக் குத்தி அதில் இருப்பதை முழுவதும் வாசித்துவிடலாம். யாழ்ப்பாண நகரில் போன் திருத்துகிற நான் இதை ஏற்பதில்லை. ரூட் செய்த போனும் மறையாக்கத்தோடுதான் என் மேசையை விட்டுப் போக வேண்டும் என்பதை ஒழுங்காக வைத்திருக்கிறேன். அதற்குக் கூடுதல் நேரம் போகும். போகட்டும்.

இங்கே போனை ரூட் செய்யும் பழக்கத்துக்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. அன்ட்ரொயிட் 2 காலத்துப் போன்களில் தமிழ் பெட்டி பெட்டியாகத்தான் தெரிந்தது. ரூட் செய்து, சிஸ்டத்துக்குள் தமிழ் எழுத்துருவைப் போட்டால் எழுத்தாவது கண்ணில் படும். அப்போதும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். தமிழ் வாசிப்பதற்காகவே போனைத் திறந்தோம். அந்தத் தேவை பிறகு தீர்ந்துபோனது. 2022 இல் ரூபாய் விழுந்து புதுப் போனின் விலை கைக்கெட்டாமல் போனபோது, அலுமாரியில் கிடந்தவை மறுபடி வெளியே வந்தன: கனடாவிலிருந்தோ சுவிசிலிருந்தோ சித்தப்பா கொண்டுவந்து கொடுத்தது, கொம்பனி அப்டேட் நிறுத்தி வருடக் கணக்கானது. லினியேஜ் ரொம்மை ஏற்றினால் இன்னும் சில வருடம் ஓடும். அதோடு மஜிஸ்க் போட்டு ரூட்டும் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கிறார்கள்.

அந்தப் பழைய போனுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனம், கல்யாண ஆல்பங்களை வீடுகளில் விட்டுவிட்டுத்தான் போனது. தப்பிய படங்களையும், வெளிநாட்டுச் சொந்தங்களிடம் இருந்த பிரதிகளையும் இன்று போனால் திருப்பிப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். காணாமல் போனவரின் படம், காணி உறுதி, அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம் எல்லாம் ஒரே கலரியில் கிடக்கும். இவை வெளியே போகவும் கூடாது, அழியவும் கூடாது. மறையாக்கம் முதலாவதைத் தடுக்கும். அதைப் பற்றி அறியாமல் கை வைத்தால் இரண்டாவதை அதுவே செய்துவிடும்.

ஆகவே எந்தப் போன் வந்தாலும், அது எந்த வகை மறையாக்கம் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். கணினியில் இணைத்து, கெட்ப்ரொப் கட்டளையால் கிரிப்டோ டைப் என்னவென்று கேட்டால், மறையாக்கம் உள்ள போனில் 'புளொக்' அல்லது 'ஃபைல்' என்று பதில் வரும். புளொக் என்றால் டேற்றாப் பகுதி முழுவதற்கும் ஒரே பூட்டு. அன்ட்ரொயிட் 3 இல் வந்தது. 2014 இல் வெளியான 5 இலிருந்து நெக்சஸ் 6 போன்ற புதிய போன்கள் பெட்டியிலிருந்தே அப்படிப் பூட்டப்பட்டு வந்தன. 13 இல் அது முற்றாக எடுக்கப்பட்டுவிட்டது. ஃபைல் என்றால் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகப் பூட்டப்பட்டிருக்கும். 2016 இல் 7 உடன் வந்த இந்த முறை, 10 உடன் வெளிவரும் போன்களுக்குக் கட்டாயமானது. இந்த இரண்டுக்கும் கைப்பழக்கம் வேறு வேறு. ஒன்றில் பழகிய கையை மற்றதில் வைத்தால் தரவு போய்விடும்.

பழைய வகையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு வழி சொல்லிக்கொடுப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். அன்ட்ரொயிட் 5, 6 ஓடும் விலை குறைந்த போன்கள் பல மறையாக்கம் இல்லாமலே விற்கப்பட்டவை. செட்டிங்ஸில் என்கிரிப்டை அழுத்தினால் போதும் என்று தோன்றும். ரூட் செய்த போனில் அழுத்திப் பாருங்கள்: கோட்டுருவமாக ஒரு ரோபோ வரும், கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு போன் ரீஸ்டார்ட் ஆகி ஒன்றுமே நடக்காததுபோல வந்து நிற்கும். பூட்டு விழுந்துவிட்டதென்று நம்பி எடுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, சூப்பர்எஸ்யூ போன்ற ரூட் முறைகளில் பின்னால் ஓடும் சேவை டேற்றாப் பகுதியைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிடி விடாதவரை அந்தப் பகுதியைக் கழற்றிப் பூட்ட முடியாது. அந்தச் சேவையைக் கட்டளை கொடுத்து நிறுத்திவிட்டு என்கிரிப்டை அழுத்த வேண்டும். மற்றக் காரணம் பலருக்குத் தெரியாது. திறவுகோல் விபரம் எழுதப்படுவதற்கு டேற்றாப் பகுதியின் வாலில் 16 கேபி வெறுமையாக இருக்க வேண்டும். ரிக்கவரியில் ஃபோர்மற் செய்யும்போது சில வேளை கோப்பு முறைமை கடைசி அங்குலம்வரை விரிந்துவிடும். போனின் பதிவான லொக்கற்றை எடுத்துப் பார்த்தால், கோப்பு முறைமை கிரிப்டோ ஃபூட்டர் இடத்தில் ஏறி நிற்கிறது, இருந்த இடத்தில் வைத்துப் பூட்ட முடியாது என்று தெளிவாக எழுதியிருக்கும். எக்ஸ்ட்4 என்றால் வழி இருக்கிறது. ரிக்கவரியில் டேற்றாவைக் கழற்றி, பிழை சரிபார்த்து, ரிசைஸ் கட்டளையால் நான்கு கட்டம் குறைக்க வேண்டும். 4 கேபிக் கட்டங்கள் 30,00,000 இருந்தால் 29,99,996 ஆக்குவது. அவ்வளவுதான். இந்த நான்கு கட்டத்துக்காக போனையே பூட்டாமல் விட்ட கதைகளைக் கேட்கும்போது மனம் வருந்துகிறது.

அந்த 16 கேபியில்தான் முழுப் போனின் கதியும் தங்கியிருக்கிறது. தரவைப் பூட்டிய மூலத் திறவுகோல், உங்கள் பின் இலக்கத்தால் மூடப்பட்டு, அதற்குள்தான் கிடக்கிறது. அது சிதைந்தால் சரியான பின்னைப் போட்டாலும் திறக்காது. ரூட்டின் உண்மையான பயன் இந்த இடத்தில் தெரியும்: அந்த வாலை அப்படியே நகல் எடுத்துத் தனிக் கோப்பாக்கி, போன்காரரின் கையிலேயே கொடுத்துவிடலாம். ரூட் இல்லாத போனில் இது முடியாது. ரூட்டால் இன்னொரு வசதியும் உண்டு. பூட் ஆகும்போது கேட்கும் கடவுச்சொல்லை நீளமாகவும், திரையைத் திறக்கும் பின்னைச் சுருக்கமாகவும் தனித்தனியே வைக்கலாம். அன்ட்ரொயிட் பாதுகாப்புப் பற்றி நூல் எழுதிய நிகொலாய் எலென்கொவ் இதற்கென்றே ஒரு சிறு செயலி செய்திருந்தார். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: பிறகு எப்போதாவது செட்டிங்ஸில் பின்னை மாற்றினால் பூட் கடவுச்சொல்லும் அந்தச் சின்னப் பின்னாகவே மாறிவிடும்.

இருந்த இடத்தில் வைத்துப் பூட்டுவதற்கு ஒரு மணிநேரமோ அதற்கு மேலோ எடுக்கும். பற்றரி 80 வீதம் இருக்க வேண்டும், சார்ஜரும் குத்தியிருக்க வேண்டும். இடையில் நின்றால் தரவு சேதம். நாளுக்கு 13 மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்த 2022 மார்ச் கடைசியில் இந்த வேலையை யாருக்கும் செய்யக்கூடாது என்பதே என் முடிவு. இன்றும் யூபிஎஸ் இல்லாத மேசையில் இதைத் தொடக்கூடாது.

இனிப் புதிய வகை. பருத்தித்துறைப் பக்கமிருந்து ஒரு அக்கா, வெளிநாட்டில் இறந்துபோன மகனின் போனோடு வந்தார். பற்றேர்ன் தெரியாது. வேறெங்கோ கொடுத்துப் பார்த்திருக்கிறார். அங்கே ரிக்கவரிக்குள் போய், லொக்செட்டிங்ஸ் கோப்புகளையும் அதோடிருந்த கோப்புறையையும் அழித்திருந்தார்கள். நான் ரிக்கவரியில் கலரி இருக்க வேண்டிய இடத்தைத் திறந்தேன். கோப்புறைகளின் பெயர்களே பொருளற்ற எழுத்துக் குவியலாக நின்றன. உள்ளே வரிசையாகக் கோப்புகள், ஒவ்வொன்றும் 3 எம்பி, 4 எம்பி. அளவைப் பார்த்தாலே படங்கள் என்று தெரிகிறது.

"படம் எல்லாம் இருக்கெல்லோ தம்பி? எண்ணிக்கை காட்டுதெல்லே?"

"இருக்கு அக்கா. ஆனா திறக்கிற சாவி அழிஞ்சு போச்சு. இனி ஆராலும் ஏலாது."

அவர் அந்தத் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

முந்திய காலத்தில் ஜெஸ்சர் கோப்பை அழித்தால் பற்றேர்ன் நீங்கிவிடும், போன் திறந்துவிடும். அப்போது திரைப்பூட்டு வெறும் கதவுதான்; பின்னால் தரவு திறந்தே கிடந்தது. இப்போது அப்படியில்லை. நீங்கள் போடும் பின்னும், சிப்புக்குள் இருக்கும் இரகசியமும், டேற்றாவில் எழுதியிருக்கும் அந்தச் சிறு கோப்புகளும் மூன்றும் சேர்ந்தால்தான் படங்களைத் திறக்கும் திறவுகோல் உருவாகும். மூன்றில் ஒன்று போனாலும் போனதுதான். அந்தக் கோப்புகளை விட்டுவைத்திருந்தால், மகனின் கைப்பழக்கம் தெரிந்த தம்பியோ தங்கச்சியோ பற்றேர்னை நினைவுபடுத்திப் போட்டிருக்கலாம். நாலு புள்ளி முதல் ஒன்பது புள்ளி வரை 3,89,112 பற்றேர்ன்கள் சாத்தியம். ஆனாலும் பலர் தங்கள் பெயரின் முதலெழுத்தைத்தான் போடுகிறார்கள். தவறாகப் போட்டால் காத்திருக்கச் சொல்லும், காத்திருக்கலாம். அழித்ததை மீட்க வழியில்லை. ஆகவே ஃபைல் வகைப் போனில் பூட்டை எடுப்பதற்காக எந்தக் கோப்பையும் அழிக்கவே கூடாது.

இதன் தொடர்ச்சியாக வேறு சில உண்மைகளும் உண்டு. ரூட் செய்வதற்காகப் பூட்லோடரைத் திறந்தால் தரவு அழியும். அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. "அண்ணை, ரூட் பண்ணினா படம் போகுமோ" என்று கேட்டால் போகும் என்றே சொல்ல வேண்டும். திறவுகோல், பூட்லோடரின் நிலையோடும் பாதுகாப்பு அப்டேட்டின் திகதியோடும் சிப்புக்குள் கட்டப்பட்டிருப்பதால், பழைய ரொம்முக்கு இறங்கினாலும் சிப் திறவுகோலைத் தர மறுக்கும். மெமரி காட்டை உள்நினைவகமாகச் சேர்த்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். போனை ரீசெற் செய்தால் காட் செத்தமாதிரித்தான். ஆனால் புளொக் வகைப் போனில் ரூட் இருந்தால், வோல்ட் கோப்புறைக்குள் காட்டின் அடையாள எண்ணோடு வெறும் 16 பைட் உள்ள ஒரு கோப்பு இருக்கும். அதை முன்கூட்டியே நகல் எடுத்து வைத்தால், போன் உடைந்த பிறகும் லினக்ஸ் கணினியில் அந்தக் காட்டை வாசிக்கலாம்.

மறையாக்கத்தால் போன் மெதுவாகிறது என்று சொல்லித்தான் பலர் அதை நீக்குகிறார்கள். 2014 இல் நெக்சஸ் 6 விடயத்தில் அது நியாயமான முறைப்பாடு. அதன் பிறகு வந்த 64 பிட் சிப்புகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கை வன்பொருளிலேயே செய்துவிடுகின்றன. அந்த வசதி இல்லாத மலிவுப் போன்களுக்கென்று 2019 இல் கூகிள் அடியன்டம் என்ற வேகமான முறையைக் கொண்டுவந்தது. இன்று வேகத்தைக் காட்டிப் பூட்டை எடுப்பதற்கு நியாயமில்லை.

மறையாக்கம் எப்போது காக்கும் என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். ரீஸ்டார்ட் ஆகி இன்னும் பின் போடாத போனுக்கு அழைப்பு வந்தால் இலக்கம் மட்டும்தான் தெரியும், பெயர் தெரியாது. தொடர்புப் பட்டியலே பூட்டுக்குள் இருக்கிறது. வட்ஸ்அப் செய்தியும் வராது. அதுதான் முழுப் பாதுகாப்பான நிலை. ஒருமுறை பின்னைப் போட்ட பிறகு திறவுகோல் நினைவகத்தில் தங்கிவிடும். அப்போது ரூட் அனுமதி பெற்ற எந்தச் செயலியும், வட்ஸ்அப் தன் பிரதிகளைப் பூட்டும் திறவுகோலைக்கூட எடுத்துவிடலாம். ஆகவே மஜிஸ்க்கில் அனுமதி கொடுத்த பட்டியலை இடைக்கிடை பார்த்துத் தேவையில்லாததை நீக்குங்கள். யூஎஸ்பி டிபகிங்கை அணைத்து வையுங்கள். போனைக் கையை விட்டுக் கொடுக்கும்போது ஓஃப் செய்து கொடுங்கள். பூட்லோடர் திறந்த போன் தெரியாதவர் கையில் கொஞ்ச நேரம் இருந்து வந்தால், உங்கள் பின்னைக் களவெடுக்கும்படி பூட் இமேஜை மாற்றியிருக்கக்கூடும். பின்னைப் போடும் முன் பூட் இமேஜைத் திரும்ப ஏற்றுவதே சரி.

இன்னொரு விடயம் எங்கள் தொழில்காரருக்கு. திருத்தவந்த போனின் முதுகில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதில் பெயர், பழுது, பின் மூன்றையும் எழுதும் வழக்கத்தைக் கைவிடுவோம். பூட்டு எவ்வளவு வலுவாக இருந்தாலும் அதன் இலக்கம் முதுகில் ஒட்டியிருந்தால் பயனில்லை. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இலேயே இந்த நாட்டில் நிறைவேறிவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், ஒரு பிள்ளையின் போனில் உள்ள படம் எங்கள் கண்ணுக்குரியதல்ல. பின் தேவைப்படும் கட்டம் வந்தால் உரியவரைக் கூப்பிட்டு அவர் கையாலேயே போடச் சொல்லலாம்.

போனை ரூட் செய்ய எண்ணுபவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். படங்களையும் உறுதிகளையும் முதலில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுங்கள். வெளிநாட்டில் உள்ள சகோதரத்திடமும் ஒரு பிரதி இருக்கட்டும். அந்த நகலைத் திறந்து, படங்கள் தெரிகின்றனவா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். செய்து தருபவரிடம், வேலை முடிந்த பிறகும் மறையாக்கம் இருக்குமா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு இடம் போங்கள். ஆறு இலக்கத்துக்குக் குறையாத பின் ஒன்றை வைத்து, வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கு மட்டும் சொல்லி வையுங்கள்.