எந்த வயதுக்கு எவ்வளவு ஆபத்து?

கொரோனா நாட்களில் புதுச்சேரி அரசின் தினசரி அறிக்கையில் காரைக்கால் வரியைத்தான் முதலில் தேடுவேன். படிக்கும்போது ஊரின் அளவை மறக்கக் கூடாது. 2011 கணக்கெடுப்பில் மாவட்டம் முழுக்கச் சுமார் 2 லட்சம் பேர்தான். அதில் எண்பது தாண்டியவர்களை மட்டும் பிரித்தால் மிகச் சிறிய எண்ணிக்கை. அங்கே இரண்டு இறப்பு கூடினாலே விகிதம் எகிறிவிடும். அதை வைத்து நாகப்பட்டினத்தோடு ஒப்பிடுவது நியாயமே இல்லை.

வயதின் கனம் தெரியப் பெரிய எண்ணிக்கை வேண்டும். தமிழ்நாடு, ஆந்திரத் தொற்றாளர்களை ஆராய்ந்து 2020இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு அதைத் தந்தது. தொற்று உறுதியானவர்களில் 5 முதல் 17 வயதினரில் இறந்தோர் 0.05 சதவீதம், 85 வயதும் அதற்கு மேலும் என்றால் 16.6 சதவீதம்!

உறுதியானவர்களில் மட்டும்தான், கவனியுங்கள். லேசான காய்ச்சலோடு பரிசோதனைக்கே வராத திருநள்ளாறு இளைஞர் எந்தக் கணக்கிலும் இல்லை. அதனால் இளையோர் விகிதம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். பரிசோதனையின்றி வீட்டிலேயே இறந்த முதியவரும் கணக்கில் இல்லை.

"மொத்த இறப்பு விகிதம் குறைவுதானே" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இளையோருக்கு அதிகம் தொற்றினாலே அந்தச் சராசரி இறங்கிவிடும். நம் தாத்தா பாட்டிகளின் ஆபத்து ஒரு துளியும் குறைந்திருக்காது. 2021 மார்ச் 1இல் அறுபது கடந்தவர்களுக்குத் தடுப்பூசியைத் திறந்துவிட்டது இதனால்தான்.